சண்டை முடிஞ்சு இத்தன வருஷம் ஆச்சே, கேம்ப் ஆளுகளுக்கு இப்பம் என்ன உதவி வேணும்?

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: இலங்கைல சண்டை 2009-லயே முடிஞ்சிட்டே, இன்னும் அவங்களுக்கு என்ன கஷ்டம், நாங்க கூட்டாளிங்க சேந்து ஒன்றரை லட்சம் ரூபா சேத்து வச்சிருக்கோம், பொங்கலுக்கு நம்ம மாவட்டத்து இலங்கை அகதிகள் கேம்ப்ல போயி சேலை, வேட்டி, அஞ்சு கிலோ அரிசின்னு ஒரு கிட் மாதிரி குடுக்கலாமா. நல்ல மனசோட கேட்டிருக்கீங்க, அதனால ரெண்டு வரில முடிக்காம எனக்கு தெரிஞ்சத எல்லாம் சொல்றேன். நான் கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், நாகர்கோவில் பக்கம் உள்ள ஒரு கேம்புல சாயங்காலம் பிள்ளைகளுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கப் போக ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆகுது. பதில முதல்லயே சொல்லிருதேன், கிட் வேண்டாம். ஏன் வேண்டாம்னு சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதல்ல நம்ம மாவட்டத்துல யாரு இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிடணும். பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளைன்னு நாலு கேம்ப். நிறைய பேரு கீரிப்பாறை, சிற்றாறு பக்கம் அரசு ரப்பர் தோட்டத்துல இருக்க சிலோன்காரங்களையும் இவங்களையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிடுதாங்க. தோட்டத்துல உள்ளவங்க 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல வந்த மலையகத் தமிழர், அதாவது இங்கேருந்து இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனவங்க வம்சம், அவங்க குடியுரிமையோட வந்தவங்க. கேம்ப் ஆளுக 1983 ஜூலை கலவரத்துக்கு பொறவு உசிரக் கையில புடிச்சிட்டு போட்ல வந்தவங்க, வந்து ராமேஸ்வரம் பக்கம் உள்ள மண்டபம் முகாம்ல தங்கி அங்கேருந்து ஒவ்வொரு மாவட்டமா பிரிச்சு அனுப்பினது. 83-ல ஒரு அலை, 90-ல ஒரு அலை, 96-ல ஒண்ணு, 2006-க்கு மேல ஒண்ணு, மொத்தம் மூணு லட்சம் பேருக்கு மேல தமிழ்நாட்டுக்கு வந்தாங்க, நிறைய பேரு திரும்பப் போனாங்க, சிலபேரு போயி அங்க மறுபடியும் சண்டை வந்து ரெண்டாவது தடவை ஓடி வந்தாங்க. இன்னைக்கும் நூத்துச் சொச்சம் கேம்புல அம்பதாயிரத்துக்கு மேல ஆளுக இருக்காங்க. இதுல மலையக வம்சத்து ஆளுகளும் கணிசமா உண்டு, அவங்க பாட்டன் பூட்டன் இங்கேருந்து போனவங்கதான், ஆனா அதுக்கான பேப்பர் கையில கிடையாது.

சண்டை முடிஞ்சிட்டேன்னு கேட்டீங்கள்லா. 2009 மே 18 கணக்குக்கு சரிதான், துப்பாக்கி அன்னைக்கு நின்னுச்சு. கடைசி சில மாசத்துல மட்டும் 40,000 பேரு வரைக்கும் செத்திருக்கலாம்னு 2011-ல ஐநா நிபுணர் குழு எழுதிச்சு, அடுத்த வருஷம் ஐநாவுக்க இன்னொரு அறிக்கை அது 70,000-க்கு மேலயே இருக்கலாம்னு சொல்லிச்சு. செத்தவங்கள எண்ணுறதே இப்படி இழுபறியா இருக்கும்போது மிச்சம் இருக்கவங்க உடம்புல மனசுல என்ன கிடக்குன்னு யாரு எண்ணிருக்கா.

உடம்புல இருந்தே ஆரம்பிக்கேன். அங்க ஷெல்லுன்னு சொல்லுவாங்க, வெடிச்சதும் தெறிக்கிற இரும்புத் துண்டு உள்ள போயிரும், எடுத்தா நரம்பு போயிரும்னு டாக்டர் அப்படியே விட்டிருவாரு. அப்படி துண்டோட இங்க வந்து இருபது முப்பது வருஷமா பெயிண்டிங் வேலைக்கு போறவங்கள எனக்கு தெரியும். மழைக்காலம் வந்தா அந்த இடம் வலிக்கும், முதுகு வலின்னு ஆஸ்பத்திரிக்கு போனா எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுவாங்க, உடம்புல இரும்பு இருக்குன்னா எடுக்க யோசிப்பாங்க, அப்பம் வேற வழியில பாக்கணும், அதுக்கு வேற செலவு. கால் போனவங்களுக்கு யாராவது ஒரு தடவை செயற்கைக் கால் குடுத்து போட்டோ எடுத்திட்டு போயிருப்பாங்க. ஒரு கால் மூணுலேருந்து அஞ்சு வருஷம் வரைதான் தம்பி தாங்கும், வளர்ற பிள்ளைன்னா வருஷத்துக்கு ஒரு தடவை கூட மாத்த வேண்டி வரும், வெட்டுப்பட்டது போக மிச்சம் இருக்க பாகம் மெலியும், அது மாட்டுற சாக்கெட் லூசாகும், தோலு உரிஞ்சு புண்ணாகும், பொறவு அந்தக் காலக் கழட்டி மூலைல வச்சிட்டு கம்ப ஊனி நடப்பாங்க. கால் குடுத்தோம்னு ரிப்போர்ட்ல ஒரு தடவை எண்ணியாச்சு, மூலைல கிடக்கிறத யாரும் எண்ண வரமாட்டாங்க. யாழ்ப்பாணத்துல 1987-ல ஆரம்பிச்ச ஜெய்ப்பூர் கால் மையம் சண்டைக் காலத்தயும் தாண்டி அதே ஆளுகளுக்கு திரும்பத் திரும்ப ரிப்பேர் பாத்துக் குடுத்திட்டு இருக்கு, எனக்கு அதுதான் உதவின்னு படுது.

அடுத்தது சத்தம். நம்ம ஊர்ல கோயில் கொடைன்னாலும் சர்ச் திருவிழான்னாலும் பீரங்கி மாதிரி சத்தம் போடுற கதினா வெடி இல்லாம நடக்காது. முத வருஷம் நான் டியூஷனுக்கு போன அன்னைக்கு பக்கத்துல திருவிழா, கதினா போட ஆரம்பிச்சாங்க, திண்ணைல இருந்து பயறு உடச்சிட்டு இருந்த ஒரு பாட்டி அப்படியே முறத்த போட்டுட்டு கட்டிலுக்கு அடில போயிட்டாங்க. பேரப்பிள்ளைங்க சிரிச்சுது, அதுங்க இங்க பிறந்ததுங்க. பாட்டி வெளிய வந்து "கிபீர் எண்டு நினைச்சிட்டன் சேர்" அப்படின்னாங்க, கிபீர்னா அங்க குண்டு போட்ட விமானம். வாத்தியாரை அவங்க சேர்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு அன்னைக்கு கரும்பலகைல என்ன எழுதினேன்னே ஞாபகம் இல்ல. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதப்பத்தி நிறைய எழுதிருக்காரு, போர் தனி ஆளுக்க மனச மட்டும் உடைக்கல, குடும்பத்துக்குள்ள ஊருக்குள்ள இருந்த நம்பிக்கையையே உடைச்சிட்டு, அதனால ஒருத்தருக்கு மாத்திரை குடுத்தா மட்டும் போதாது, சமுதாயத்தையே சேத்து ஆத்தணும்னு. கேம்புல குடிப்பழக்கம் ஜாஸ்தி, குடும்பச் சண்டை ஜாஸ்தின்னு நம்ம ஆளுக ஈசியா சொல்லிருவாங்க. பத்துக்குப் பத்து ரூம்ல மூணு தலைமுறை படுத்து எந்திரிச்சா நம்ம வீட்லயும் அதுதான் நடக்கும், அதுக்கு மேல அவங்களுக்கு பாத்த காட்சியும் இருக்கு.

இனி சொல்லப் போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். காணாம போனவங்க. செஞ்சிலுவைச் சங்கத்துக்கிட்ட மட்டும் 16,000 பேருக்கு மேல காணாம போனதா குடும்பங்க பதிஞ்சிருக்கு. கிளிநொச்சில 2017 பிப்ரவரி 20-ல அம்மாமாருங்க ரோட்டோரம் பந்தல் போட்டு உக்காந்தாங்க, வவுனியா, முல்லைத்தீவுன்னு அது பரவிச்சு, கையில மகனுக்க போட்டோ, வேற ஒண்ணும் கேக்கல, எங்க இருக்கான்னு சொல்லுங்கன்னு மட்டும்தான். அப்படி உக்காந்தவங்கள்ல எத்தனையோ பேரு பதில் கிடைக்காமலேயே கண்ண மூடிட்டாங்க. இலங்கை அரசாங்கம் காணாமற்போனோர் அலுவலகம்னு ஒண்ணு அமைக்க 2016-ல சட்டம் போட்டுது, 2018-லதான் அது வேலைய ஆரம்பிச்சுது, இறப்புச் சான்றிதழ் வாங்க மனசில்லாதவங்களுக்கு காணாமற்போனமைச் சான்றிதழ்னு ஒரு காயிதமும் கொண்டு வந்துது. காயிதம் இருந்தா நிலம், பேங்க் கணக்குன்னு கொஞ்சம் வேலை நடக்கும், கேள்விக்கு பதில் அதுல இல்ல.

இது புரியலன்னா நம்ம தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி பக்கம் போயி கேளுங்க. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சப்ப கடலுக்குப் போன ஆளுக வரல, உடம்பும் கிடைக்கல. சட்டப்படி ஏழு வருஷம் தகவலே இல்லன்னாதான் செத்ததா எடுத்துக்கிடுவாங்க, அந்த விதிய ஒக்கிக்கு தளர்த்தித்தான் குடும்பத்துக்கு 20 லட்சம் குடுத்தாங்க. பணம் வந்த பொறவும் பொட்டழிக்க மனசு வராம, குஜராத் பக்கம் கரையேறிருப்பாரு, மாலத்தீவுல புடிச்சு வச்சிருப்பாங்கன்னு காத்திட்டு இருந்த பெண்டுகள நாம பாத்தோம்லா, அந்த வெப்ராளம்தான் அங்க முப்பது நாப்பது வருஷமா நடக்கு. ஒக்கிக்குப் பொறவு ஒரு நாளு கேம்ப்ல ஒரு அம்மா எங்கிட்ட சொன்னது, "அவையளுக்கு கடல் கொண்டு போச்சு எண்டாவது தெரியும் சேர், எனக்கு ஆர் கொண்டு போனது எண்டே தெரியேல்ல". அவங்க வீட்டுக்காரர் 90-ல போனவரு. பொட்டு இப்பமும் வச்சிருக்காங்க, புருசன் செத்த பொம்பளைன்னு ஒரு உதவித்தொகை ஃபார்ம் கொண்டு போயி குடுத்த நல்ல மனுசன் ஒருத்தர்ட்ட அந்த அம்மா சண்டைக்கே போயிட்டாங்க. அவரு நல்லதுக்குத்தான் செஞ்சாரு. ஆனா கேக்காம செஞ்சிட்டாரு.

அங்க இருக்கவங்க நிலைமை சுருக்கமா சொல்லிருதேன், ஏன்னா உங்க பணத்த அங்க அனுப்பலாமான்னும் ஒரு வரி கேட்டிருந்தீங்க. கடைசில தப்பி வந்த ரெண்டே முக்கால் லட்சம் ஜனத்துக்கு மேல கம்பி வேலிக்குள்ள அடைச்சு வச்சாங்க, அதுல பெரிசு செட்டிகுளம் மெனிக் ஃபார்ம், அத முழுசா மூடினது 2012 செப்டம்பர்ல. பொறவு ஊருக்கு போனா வீடு இல்ல, நிலத்துல கண்ணிவெடி. முகமாலைல இன்னைக்கும் பெண்டுக முழங்கால் போட்டு உக்காந்து மண்ண இஞ்சு இஞ்சா சுரண்டி வெடி எடுக்காங்க, அதுல நிறைய பேரு புருசன சண்டைல பறிகொடுத்தவங்க. இந்தியா குடுத்த 50,000 வீட்டுத் திட்டம் நல்ல திட்டம், கான்ட்ராக்ட் விடாம வீட்டுக்காரங்களே கட்டிக்கிடற மாதிரி அஞ்சரை லட்சம் இலங்கை ரூபா தவணைல குடுத்தாங்க, ஆனா விலைவாசி ஏறி அது பத்தாம கடன் வாங்கினவங்களும் உண்டு. ஆம்பள இல்லாத வீடுங்கள குறிவச்சு மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிங்க வீடு வீடா போயி கடன் குடுத்து, வாரா வாரம் வசூலுக்கு வாசல்ல வந்து நின்னு, கடைசில 2018-ல அரசாங்கமே ஒரு பகுதி கடன தள்ளுபடி பண்ண வேண்டி வந்துது. 2022-ல அங்க பொருளாதாரம் படுத்தப்ப தமிழ்நாடு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துன்னு 123 கோடிக்கு அனுப்பினோம், அப்பம் அது சரியான உதவி, பசிக்கு சோறு.

இங்க உள்ளவங்களுக்கு பசி பெரிய பிரச்சனை இல்ல தம்பி, அதத்தான் சொல்ல வாறேன். ரேஷன் வருது, மாசப் பணம் வருது, 2021 ஆகஸ்ட்ல அதக் கூட்டினாங்க, குடும்பத் தலைவருக்கு 1,500, மத்த பெரியவங்களுக்கு 1,000, சின்னப் பிள்ளைங்களுக்கு 500. 7,469 வீடு புதுசா கட்டித் தரணும்னு அறிவிச்சு கட்டவும் செஞ்சாங்க, அகதி முகாம்ங்கிற பேர எடுத்திட்டு மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க. பேரு மாறினதுல என்ன இருக்குன்னு சிலபேரு கேட்டாங்க, அட்ரஸ்ல அகதின்னு எழுதி எழுதி வளந்த பிள்ளைங்கட்ட கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

இல்லாதது என்னன்னா பேப்பர். பிளஸ் டூ முடிச்ச ஒரு பையன் அப்ளிகேஷன் ஃபார்ம் கொண்டு வந்தான், எல்லாம் நிரப்பிட்டு நேஷனாலிட்டிங்கிற இடத்துல பேனாவ வச்சுக்கிட்டு "இதுல என்ன சார் எழுத" அப்படின்னான். கன்னியாகுமரி மாவட்டத்துல பிறந்தவன், இலங்கைய பாத்தது கிடையாது, பேசுறது நம்ம பேச்சு, டேய் மக்கான்னுதான் கூப்பிடுவான். சட்டம் என்ன சொல்லுதுன்னா 1987 ஜூலை 1-க்கு முன்ன இந்தியால பிறந்திருந்தா பிறப்பாலயே இந்தியன், அதுக்குப் பொறவு பிறந்தா அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும், 2004 டிசம்பருக்கு பொறவு பிறந்தா மத்தவரு சட்டவிரோதமா வந்தவரா இருக்கவும் கூடாது. போட்ல பாஸ்போர்ட் இல்லாம வந்தவங்க பிள்ளைங்க எல்லாம் இதுல அடிபட்டுப் போகும். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்து போடல, 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்துல பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும்தான் இருக்கு, இலங்கை இல்ல. 2025 செப்டம்பர்ல ஒரு நல்லது நடந்துது, 2015 ஜனவரி 9-க்கு முன்ன வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர் மேல பாஸ்போர்ட் விசா இல்லன்னு வழக்கு போடமாட்டோம்னு மத்திய அரசு உத்தரவு போட்டுது. பயம் கொஞ்சம் போச்சு, குடியுரிமை வரல. அதனால அவங்க பேருல நிலம் வாங்கிறது, அரசாங்க வேலை, வெளிநாட்டு வேலை எல்லாமே முட்டும். இஞ்சினியரிங் படிச்ச பையன் கடைசில அப்பா கூட பெயிண்டு பக்கெட்டத்தான் தூக்குதான், அதப் பாத்து அடுத்த பையன் பத்தாம் கிளாஸோட நிறுத்திருதான். வாத்தியாரா எனக்கு வயிறு எரியற இடம் இதுதான், எத்தன வீட்ல போயி கெஞ்சிருப்பேன்.

திரும்பிப் போகணும்னு நினைக்கிறவங்களுக்கும் பேப்பர்தான் முட்டுக்கட்டை. இங்க பிறந்த பிள்ளைக்கு சென்னைல இருக்க இலங்கைத் துணைத் தூதரகத்துல பிறப்ப பதிஞ்சு அந்த நாட்டுக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கணும். நம்ம மாவட்டத்துலேருந்து சென்னைக்கு போயிட்டு வர நாலு பேருக்கு டிக்கெட்டு, ரெண்டு நாள் கூலி போகும், கேம்ப்ல அனுமதி வாங்கணும், ஒரு எழுத்து தப்பா இருந்தா மறுபடியும். இதுல வருஷக்கணக்கா உதவி பண்ணுறது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஓஃபர்னு சொல்லுவாங்க, ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவுக்க (செல்வநாயகம்) மகன் சந்திரகாசன் 1984-ல ஆரம்பிச்சது, அதுல வேலை பாக்கிறதே பெரும்பாலும் கேம்ப் ஆளுகதான். இயேசு சபைக்காரங்க நடத்துற அகதிகள் பணியும் டியூஷன் சென்டர், படிப்பு உதவின்னு ரொம்ப நாளா இருக்கு.

கிட் ஏன் வேண்டாம்னு இப்பம் விளங்கிருக்கும். சுனாமிக்குப் பொறவு குளச்சல், மணக்குடி பக்கம் நாம பாத்ததுதான, பழைய துணி லாரி லாரியா வந்து ரோட்டோரம் மழைல நனஞ்சு கிடந்துது, குடுத்தவங்க எல்லாம் நல்லவங்கதான், ஆனா வலையும் எஞ்சினும் போனவனுக்கு பழைய பேண்ட் எதுக்கு. கேம்புலயும் பண்டிகைக்கு பண்டிகை யாராவது வந்து வரிசைல நிக்க வச்சு குடுத்திட்டு போட்டோ எடுப்பாங்க. வரிசைல நிக்கிற பிள்ளை மறுநாள் ஸ்கூல்ல கிளாஸ்மேட் மொபைல்ல தன்னையே பாக்கும். ஒரு பொம்பளப்பிள்ளை அப்படிப் பாத்துட்டு ரெண்டு வாரம் ஸ்கூலுக்கு வரல, என்கிட்ட படிச்ச பிள்ளைதான் அது.

உங்க ஒன்றரை லட்சத்துக்கு வருவோம். கேம்புக்குள்ள நேரா போயி நிக்க முடியாது, கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும், அயலகத் தமிழர் நலன் மறுவாழ்வுத் துறைக்கு கீழ வர்ற விஷயம் அது, அத முதல்ல பண்ணுங்க. பொறவு வெறுங்கையோட ஒரு நாளு போயி கேம்ப் தலைவர், அங்க உள்ள மகளிர் குழு, முக்கியமா காலேஜ் படிக்கிற பிள்ளைங்க கூட உக்காந்து கேளுங்க. என் அனுபவத்துல அவங்க சொல்லப் போறது என்னன்னா, மூணு வருஷ டிகிரிக்கு மூணு வருஷமும் ஃபீஸ். முதல் வருஷம் மட்டும் கட்டிட்டு காணாம போற ஸ்பான்சர் ஒண்ணும் கட்டாதவரை விட மோசம், பிள்ளை பாதில நின்னு போகும், டிசியும் தரமாட்டாங்க. அதனால ஒன்றரை லட்சத்த முப்பது பேருக்கு பிரிக்காம ஒரு பிள்ளைய, மிஞ்சிப் போனா ரெண்டு பிள்ளைய எடுத்துக்கிடுங்க, நர்சிங், ஐடிஐ, லேப் டெக்னீசியன்னு கையில தொழில் வர்ற படிப்பா அவங்களே பாத்துச் சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க. ஒரு பத்தாயிரம் தனியா வச்சு தூதரகத்துக்கு போற டிக்கெட், நோட்டரி, சான்றிதழ் நகல் செலவுக்கு குடுங்க, இந்த மாதிரி சில்லறச் செலவுக்கு எந்த டிரஸ்டும் பணம் தராது, ஏன்னா அதுல போட்டோ வராது. வீட்ல வயசானவங்க கால், இடுப்புன்னு கிடந்தா செயற்கைக் கால் ரிப்பேர், பிசியோதெரபிக்கு ஆட்டோ சார்ஜ், இதுவும் கேளுங்க.

பணம் ஒரு டிரஸ்ட் வழியா போகணும்னா 12ஏ, 80ஜின்னு சொல்ற வருமான வரிப் பதிவு இருக்கான்னு பாருங்க, 2,000-க்கு மேல கேஷா குடுத்தா வரிச்சலுகை கிடையாது, பேங்க் வழியா போடுங்க, போன வருஷ ஆடிட் கணக்கு கேளுங்க, தரமாட்டேன்னா வேற ஆளப் பாருங்க. வெளிநாட்ல இருக்க உங்க கூட்டாளி அவனுக்க அங்க உள்ள கம்பெனிகிட்ட இருந்து வாங்கித் தாறேன்னு சொன்னா எஃப்சிஆர்ஏன்னு சொல்ற வெளிநாட்டு நன்கொடைப் பதிவு உள்ள அமைப்புதான் வாங்க முடியும், உங்க தனிப்பட்ட அக்கவுண்ட்ல வாங்கிராதீங்க, வம்பாயிரும். இலங்கைக்கு நேரா அனுப்புறதுக்கு பேங்க்ல வழி உண்டு, ஆனா இங்க உள்ள டிரஸ்ட் அப்படி வெளிநாட்ல செலவு பண்ணனும்னா வருமான வரித்துறை அனுமதி வேணும், உங்க அளவு பணத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

பணத்த விட உங்ககிட்ட வேற ஒண்ணு இருக்கு, உங்க குரூப்ல ரெண்டு பேரு ஐடில இருக்கதா எழுதிருந்தீங்க, ஒருத்தர் வக்கீலுக்கு படிச்சவரு. சனி ஞாயிறு ரெண்டு மணி நேரம் பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு அப்ளிகேஷன் நிரப்ப, ரெஸ்யூமே எழுத, இங்கிலீஷ் பேசப் பழக்கிக் குடுங்க. வக்கீல் தம்பி 87 ஜூலைக்கு முன்ன இங்க பிறந்தவங்க யாராவது கேம்ப்ல இருக்காங்களா, பிறப்புச் சான்றிதழ் இருக்கான்னு பாக்கட்டும், அப்படி ஒருத்தருக்கு பாஸ்போர்ட் குடுக்கணும்னு மதுரை ஹைகோர்ட்டு கிளையில உத்தரவு ஆயிருக்கு, தனக்கு அந்த உரிமை இருக்கதே தெரியாம இருக்கவங்க இருப்பாங்க. ஆனா ஆரம்பிச்சா நடுல விடப்படாது, முடியாதுன்னா இப்பமே முடியாதுன்னு சொல்லிருங்க, ஏற்கெனவே பலபேரு வாறேன்னு சொல்லிட்டு வராம போனத பாத்த ஜனம் அது.

பழச எல்லாம் தோண்டித் துருவிக் கேக்காதீங்க, யாரு செத்தா, எப்படி செத்தாங்க, எந்த இயக்கம்னு. அவங்களா சொன்னா கேட்டுக்கிட்டு இருங்க, போன எடுத்து ரெக்கார்டு பண்ணாதீங்க. பொட்டு வச்சிருக்க அம்மாகிட்ட வீட்டுக்காரர் இருக்காரான்னு கேக்காதீங்க. கதினா வெடிக்கிற அன்னைக்கு போகாதீங்க.

ரிசல்ட் வந்ததும் காலேஜ்ல ஃபீஸ் கட்ட ரொம்ப நாளு தரமாட்டாங்க, அந்த வாரத்துல வட்டிக்கு வாங்கக்கூட கேம்ப் ஆளுக்கு எந்த பேங்க்லயும் கிடைக்காது, தனியார்கிட்ட போயி மாட்டுவாங்க. பொங்கலுக்குன்னு வச்ச பணத்த அதுவரைக்கும் அப்படியே பேங்க்ல போட்டு வையுங்க. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கிறது திங்கக்கிழமை, எப்படி எழுதணும்னு தெரியலன்னா கேளுங்க, நான் எழுதித் தாறேன், கூடவும் வாறேன்.